கிடார் பெட்டி பாடிய ஞாயிறு

கற்பூரம் அணைத்துச் சத்தியம்: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

ஆவடி குவார்ட்டர்ஸ் கஜபதி, கச்சேரிக்காரர் ஒருவர் தூக்கிப்போட்ட கிடார் ஆம்ப்ளிஃபயரின் காலிப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"கோழி அடைக்க நல்லா கீது," என்றாள் மனைவி சுசீலா.

"இன்னாமே பேசறே? இதுல ஸ்பீக்கர் மாட்டி, ஹால் ரேடியோலேர்ந்து ஒயர் இழுத்து, அடுப்பங்கரையில பாட வெக்கிறேன் பாரு!"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள பாடலைன்னா கோழிக்குத்தான்."

ஞாயிறு மதியம் எல்லாம் மாட்டி முடித்த கஜபதி, ஹால் ரேடியோவைத் திருகிவிட்டு அடுப்பங்கரைக்கு ஓடினார். பாட்டு வந்தது பாருங்கள்! சட்டியில் அப்பளம் தாளம் போட்டது. அலமாரி டம்ளர்கள் இடம் மாறி உட்கார்ந்தன. மைல் கணக்கில் தள்ளியிருக்கும் நூம்பலில் ஓர் எருமை தலையாட்டியதாகத் தகவல்.

"இன்னா சுத்தமா கேக்குது! பொட்டி உனக்கேய்யா," என்று சுசீலா தோல்வியை ஒப்புக்கொண்டாள். கஜபதி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

அப்போது பக்கத்து வீட்டுக் கோவிந்தன் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணாத்தே, உங்க ஊட்டு ஃபியூஸ் காலைலயே பூட்ச்சு, மீட்டர் பொட்டியாண்ட பாத்தேன். பாட்டு இல்லாம கஷ்டப்படுவீங்களேன்னு என் ரேடியோவ உங்க அடுப்பங்கரை செவுத்தாண்ட தூக்கி வெச்சேன். நல்லா கேக்குதா?"