சிறந்த பெற்றோர்

கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளிச் சேதிகள் பெற்றோரின் போனுக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து தலைமையாசிரியை சிஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தார்.

"இருநூத்திப் பன்னெண்டு செய்தி அனுப்பினோம். ஒண்ணு விடாம பதில் போட்டவர் இந்த நம்பர்காரர் ஒருத்தர்தான்னு கம்ப்யூட்டரே சொல்லுது. மத்தவங்க ஃபாதர்கிட்ட போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணுங்க!"

மேடையேறியவர் 'சிறந்த பெற்றோர்' சான்றிதழை வாங்கிக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

"உங்க பிள்ளை எந்த வகுப்பு?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை, சிஸ்டர்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அப்புறம் எதுக்கு அத்தனை பதில்?"

"'இது தப்பான நம்பர், தயவுசெஞ்சு எடுத்துடுங்க'ன்னுதான் ஒவ்வொரு தடவையும் எழுதினேன். யாரும் எடுக்கலை. நேர்ல சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

சிஸ்டர் வாயைத் திறப்பதற்குள் அவர் சட்டைப்பையில் போன் கூவியது. எடுத்துப் படித்தார்:

'சிறந்த பெற்றோருக்கு வாழ்த்துகள்! உங்கள் பதில்களைத் தவறாமல் படிக்கிறோம்.'