மிதவை

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இருபத்தாறு மணி நேரமாகியும் தமயந்தி ஸ்கேனைப் பற்றிக் கணவனிடம் எதுவும் சொல்லவில்லை. பொன்னரசு பழைய பெட்ரோல் டிராக்டரின் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். எப்படித் திருகினாலும் பெட்ரோல் வழிந்துகொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை அவளுக்கு ஐந்தாம் மாத வளைகாப்பு. சொந்தக்காரர்களை டிரெய்லரில் ஏற்றி வர வேண்டும்.

“உங்க பெரியம்மா ஏறுனா இது மறுபடியும் படுத்துக்கும்” என்றான். அவள் சிரிக்கப் பார்த்தாள்.

கார்புரேட்டருக்குள்ளிருந்து பித்தளை மிதவையை எடுத்து அவன் காதருகில் ஆட்டினான். “ஓட்டை விழுந்திருக்கு. உள்ள பெட்ரோல் புகுந்து முங்கிப்போச்சு. நீ கேளேன்.”

அவள் வாங்கிக்கொண்டாள். மிதவை எலுமிச்சை அளவுதான் இருந்தது. மேலே ஒட்டியிருந்த பெட்ரோல் ஆவியாக ஆவியாக அவள் உள்ளங்கை சில்லிட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஆட்டினாள். வெகு தொலைவில் யாரோ குளத்தில் இறங்குவது போல ஒரு சத்தம். வேப்பமரமும் டிராக்டரும் அவனும் அந்தச் சத்தத்துக்குள் மெல்ல அமிழ்ந்தார்கள். மறுபடி ஆட்டினாள். மறுபடியும்.

“கேக்குதா?”

“இதுல கேக்குதுங்க” என்றாள். “நேத்து டாக்டரம்மா ரொம்ப நேரம் வச்சுப் பாத்தாங்க. நம்ம புள்ளைக்கு நெஞ்சு துடிக்கலைங்க.”