கசிவு இல்லை

"கசிவு இல்லைன்னு சொல்லிட்டு, அதுக்கப்புறம் ஏன் இப்படி உளறுது?" மேலாளர் கணினித் திரையை முறைத்தார்.

மேசைமேல் இருந்த எரிவாயுக் கசிவு எச்சரிக்கைக் கருவி, சீரியல் கேபிள் வழியாகத் திரைக்கு 'கசிவு இல்லை' என்று அழகாகத்தான் அனுப்பியது. பின்னாலேயே கேள்விக்குறியும் கட்டமும் கோணல் எழுத்துமாகக் குப்பையைக் கொட்டியது.

கேபிளை மாற்றியாயிற்று. இரண்டு பக்கமும் தகவல் போகும் வேகம் ஒன்றுதானா என்று பார்த்தாயிற்று. கருவியை வாங்க வந்த தொழிற்சாலை முதலாளியோ வரவேற்பறையில் காத்திருந்தார். போன மாதம் அவர் தொழிற்சாலையில் வாயு கசிந்து மயங்கி விழுந்த தொழிலாளி இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார்.

"இன்னிக்கு இது ஒழுங்காப் பேசலைன்னா, வேலை நிரந்தரமாகும்ங்கிற நினைப்பையே விட்டுடும்மா." சொல்லிக்கொண்டே பேனாவைக் கருவியின் முகப்பிலிருந்த வட்டத் துளையில் செருகினார் மேலாளர். கருவி வந்த நாளிலிருந்து அவருக்கு அதுதான் பேனா ஸ்டாண்ட்.

புரோகிராமர் பெண் திரைக்கு நெருங்கி உட்கார்ந்தாள். நிரலை வரி வரியாக மேய்ந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"சார், எழுத்துக்கு மட்டும்தான் இடம் விட்டிருக்கோம். செய்தி முடிஞ்சுதுன்னு காட்டுற பூஜ்யத்துக்கு இடம் விடலை. எங்க நிறுத்துறதுன்னு தெரியாம, பக்கத்து மெமரில இருக்கிறதையும் சேர்த்து அனுப்புது."

"நானும் அதைத்தான் நினைச்சேன்," என்றார் மேலாளர், கொஞ்சமும் கூசாமல்.

இன்னும் ஓர் இடம் சேர்த்துவிட்டுக் கருவியை மறுபடி ஓடவிட்டாள். 'கசிவு இல்லை'. அதற்குமேல் ஒரு புள்ளிகூட வரவில்லை. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

முதலாளி உள்ளே வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வரிக்கு வரி 'கசிவு இல்லை' ஓடிக்கொண்டே இருந்தது.

"இனிமே என் ஆளுங்க பயமில்லாம வேலை பார்ப்பாங்க." அவர் திரையைப் பார்த்துக் கைகூப்பினார். மேலாளர் துளையிலிருந்து பேனாவை உருவிக் கொடுக்க, ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தது.

பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது முதலாளி கண்ணில் அந்தத் துளை பட்டது. "இது எதுக்குங்க?"

"அதுவா?" மேலாளர் பேனாவைப் பழையபடி அதில் செருகினார். "வாயுவைக் கண்டுபிடிக்கிற சென்சார் மாட்டுற இடம் சார். அது அடுத்த மாடல்ல வரும்."