பாதிப் புலி

தளபதி காவ் ஷென் எல்லைக் கோட்டைக்குப் புறப்பட்டபோது அரசர் ஒரு வெண்கலப் புலியின் வலப்பாதியைக் கொடுத்தனுப்பினார். இடப்பாதி அரண்மனையில் இருந்தது. அதைக் கொண்டுவருபவன் சொல்வதே அரச கட்டளை. இரண்டும் பொருந்தாவிட்டால் அவன் ஒற்றன், தலையை வெட்டிவிட வேண்டும்.

பத்தொன்பது வருடங்கள் மணல்காற்றில் போயின. தளபதியோடு சரிசமமாக உட்கார்ந்து பேச யார் வருவார்கள்? மாலையானால் அந்தப் பாதிப் புலியை மடியில் வைத்து, மறுபாதியோடு கோத்துக்கொள்ளும் அதன் உட்புறப் பற்களைக் கட்டைவிரலால் வருடிக்கொண்டிருப்பார்.

இன்று இடப்பாதி வந்தது.

"போர் முடிஞ்சிடுச்சுங்க. எல்லாரும் ஊர் திரும்பலாம்," என்றான் தூதன். "ஏழு வருஷத்துக்கு முன்னாடியே ஆள் அனுப்பினாங்க. அவன் வந்து சேரல போல. அதான் அதே அச்சுல இன்னொண்ணு வார்த்து அனுப்பியிருக்காங்க."

தளபதி இரண்டையும் சேர்த்தார். அவை ஆடின. நடுவே வெளிச்சம் தெரிந்தது. தூதனுடையதில் பற்கள் கூராக இருந்தன. அவருடையதில் வழவழவென்று தேய்ந்திருந்தன. ஏழு வருடங்களுக்கு முன் வந்தவனுடையதும் இப்படித்தான் ஆடியது.

"பொருந்துதுங்களா?" வாளில் கைவைத்தபடி கேட்டான் உபதளபதி.

தளபதி இரண்டையும் உள்ளங்கைக்குள் இறுக மூடினார். "பொருந்துது," என்றார்.

படை ஆரவாரித்துக்கொண்டு மூட்டை கட்ட ஓடியது. மதியத்துக்குள் கோட்டை காலியானது. வடக்கு வாசலுக்கு வெளியே, பெயரில்லாத ஒரு மண்மேட்டின் அருகே, தளபதி மூடிய கையைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.