மிளகு உட்காரும் இடம்

மோகனப்பிரியா இணையத்தில் டியூஷன் எடுக்கும்போதெல்லாம் மடிக்கணினியின் திரை திடீரென்று கறுத்துவிடும். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் இருக்கும் என் கணினி பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுவந்தால் நாள் முழுதும் ஒழுங்காக ஓடும். அதனால் பூன் லேயில் அவர் வீட்டுக்கே போனேன்.

"இன்னைக்கும் அணைஞ்சா பிள்ளைங்க வேற டீச்சர்கிட்ட போயிடுவாங்க, உமைர் அண்ணே."

வகுப்பு தொடங்கியது. திரை கறுத்தது. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே விசிறியும் நின்றிருந்தது. இது பழுதில்லை, தூக்கம். மடிக்கணினியின் மூடியில் சின்னக் காந்தம் ஒன்று உண்டு. மூடியதும் விசைப்பலகையின் இடது ஓரத்திலுள்ள உணரி அதைக் கண்டுகொண்டு திரையை அணைக்கும். வேறு காந்தம் பக்கத்தில் வந்தாலும் ஏமாந்துவிடும்.

"இங்க காந்தம் ஏதாவது வைப்பீங்களா?"

"எங்க பூனை மிளகோட கழுத்துப்பட்டியில இருந்துச்சு. எப்பவும் இந்த இடதுபக்கம்தான் உட்காரும். போன வருஷமே செத்துப்போச்சு லா. பட்டியோடதான் எரிச்சோம்."

என் கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தேன். முள் வடக்கை விட்டுவிட்டு, மடிக்கணினியின் இடப்பக்கம் காலியாக இருந்த இடத்தைக் காட்டியது. மெல்ல அசைந்துகொண்டும் இருந்தது.

மோகனப்பிரியா சிரித்துவிட்டார். "அடி கழுதை! இன்னும் அதே இடமா?"

ஜன்னலோரம் வெயிலில் ஒரு குஷனைப் போட்டுத் தட்டினார். முள் ஜன்னல் பக்கம் திரும்பியது. திரை எழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இப்போதெல்லாம் வகுப்புக்கு முன் குஷனை வெயிலில் போட்டுவிடுகிறார். திரை அணைவதில்லை.