அடுத்த வயர் என்ன கலர்?

"அடுத்தது என்ன கலர்? வாயைத் திறந்து சொல்லு!"

அக்காவின் கணவர் போட்ட அதட்டலில், சோபாவில் இருந்த தம்பிக்கு ரத்தம் கொதித்தது. நாளை கம்பெனியில் மாட்ட வேண்டிய இன்டர்நெட் கேபிள்களை வீட்டுக்கே கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்து கனெக்டர் போட்டுக்கொண்டிருந்தார் அவர். அக்கா ஒவ்வொரு வயராகப் பிரித்துக் கொடுத்தாள்.

"பச்சைங்க."

"சத்தமா! எத்தனை தடவை சொல்றது, மரமண்டை!"

தம்பி எழுந்தேவிட்டான்.

"போதும் மாமா! வயரிங் உங்க தொழில். அவளுக்கு எதுக்குப் பரீட்சை வைக்கிறீங்க? நீங்களே பாத்துப் போடுங்க!"

அக்காவின் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்து வந்தான்.

"இவ்வளவு பேச்சு வாங்கிக்கிட்டு ஏன் இங்க இருக்கே? இப்பவே என்கூடக் கிளம்பு!"

அவள் கையை வெடுக்கென்று உதறினாள்.

"அறிவுகெட்டவனே! திட்டச் சொன்னதே நான்தான்டா."

"என்னது?"

"அங்க பாரு."

எட்டிப் பார்த்தான். மாமா இரண்டு வயர்களை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று பச்சை, மற்றது பிரவுன்.

"அவருக்கு ரெண்டும் ஒரே கலராத்தான் தெரியும். கம்பெனிக்குத் தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிடுவாங்க. நீயும் அதே கம்பெனி. திடீர்னு வந்து நடு வீட்ல உக்காந்துட்டே, நான் என்ன பண்றது?"

"அதுக்கு உன்னைத் திட்டணுமா?"

"அவர் கத்தினா நீ அவர் வாயைத்தானேடா பாப்பே? கையைப் பாக்க மாட்டேல்ல?"