டப்பாவில் கிடந்த தலை

பொம்மைச் சிப்பாய்களைக் கழற்றி மாட்டிப் பெயிண்ட் அடிக்கும் ஒருவரின் மேஜையில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. உதிரிப் பாகங்களோடு ஒரு சிப்பாயின் தலையும் அதில் கிடந்தது. வெந்நீரில் முக்கி, இளக்கிப் பிடுங்கிய தலை. அதன் உடம்பில் இப்போது மீசை வைத்த கேப்டன் தலை இருந்தது. பச்சைச் சீருடைக்கு மேல் மணல் நிறம் பூசியாகிவிட்டது.

டப்பாத் தலை தினமும் மேலே அலமாரியில் நிற்கும் அந்த உடம்பைப் பார்த்துக் கேட்கும்: "கேப்டன் ஐயா, இடது முட்டி எப்படி இருக்கு?"

"என் முட்டியைப் பத்தி உனக்கென்ன? பிறந்ததிலேருந்து இது என் உடம்பு!" என்று கேப்டன் சீறும்.

ஒருநாள் கேப்டனால் நிற்கவே முடியவில்லை. மூன்று முறை குப்புற விழுந்தது. முழங்கையில் பெயிண்ட் உரசிப் பழைய பச்சை தெரிந்தது.

"இடது காலைக் கொஞ்சம் முன்னால வைங்க ஐயா," என்றது தலை. "அந்த முட்டி எப்பவுமே லூஸ். நான் அப்படித்தான் நிப்பேன்."

கேப்டன் அப்படியே வைத்தது. ஆடாமல் நின்றது.

"முழங்கையை மட்டும் இந்தப் பக்கமாத் திருப்பி வைங்க. அந்தப் பச்சையையாவது பார்த்துக்கிட்டு இருக்கேன்."

கேப்டன் திருப்பி வைத்தது. பிறகு தணிந்த குரலில் கேட்டது: "தம்பி, அந்த டப்பாவுல நீலக் கோட்டு போட்ட உடம்பு ஒண்ணு கிடக்கா? குதிரைமேல உட்கார்ற மாதிரி கால் வளைஞ்சிருக்கும். கொஞ்சம் திரும்பிப் பாரேன்."

தலைக்கும் பார்த்துச் சொல்ல ஆசைதான். ஆனால் திரும்புவதற்குக் கழுத்து வேண்டுமே. அது மேலே, கேப்டனிடம் இருந்தது.